சத்தம் போட்ட மெத்தை

துப்பறிகிறவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்பார்கள். நான் முதலில் பயன்படுத்தியது உட்காரும் பாகத்தை. சோபா மூலையில் தலையணைக்கு அடியில் பாதி மறைந்து கிடந்த ரிமோட்டை, எண்பத்தாறு கிலோ எடையோடு நான்தான் கண்டுபிடித்தேன்.

எதிரே இருந்த டிவி விழித்துக்கொண்டது. சலவைத்தூள் விற்கும் ஒரு பெண்மணி என் காதுக்குள்ளேயே வந்து நின்று, சட்டைக் காலரில் இருந்த கறையைப் பற்றிக் கதறினாள். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. எனக்கும் நடுங்கியது.

அடுத்த மூன்று நொடிகளில் மூன்று பேர் ஏதோ செய்தார்கள். தேநீர்த் தட்டோடு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்த, பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனர், தட்டை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். நாலு கோப்பையும் தரையில். அவருடைய அண்ணி என்மேல் பாய்ந்து, என்னை ஒரு மூட்டை மாதிரி புரட்டி, ரிமோட்டை உருவினார். பதற்றத்தில் முதலில் அழுத்தியது சத்தம் குறைக்கும் பட்டன். திரையில் 61 என்று ஒரு எண் தோன்றியது. அடுத்த அழுத்தலில் டிவி அணைந்தது. அதே நேரம் உள்ளறையிலிருந்து ஓர் ஆண்குரல் அலறியது.

"டேய், விடாதடா!"

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். உதைக்காமல் விடாதே என்று பொருள். நியாயமான கோரிக்கை. இடுப்பெலும்பு முறிந்து ஒன்பது நாளாகப் படுத்திருக்கும் மனிதரை உலுக்கி எடுத்தவனை யார்தான் விடுவார்கள்? அலறலுக்குப் பிறகு உள்ளே முனகல் கேட்டது. அது நிற்க வெகுநேரம் ஆனது. அந்த முனகலை நான் எந்த ஜோக்காலும் துடைக்க முடியவில்லை. அதனால், ட்யூனர் துண்டுகளைப் பொறுக்க, நான் தரையைத் துடைத்தேன்.

"முப்பத்தொண்ணு, கண்ணாடித் துண்டு கையைக் கிழிச்சிடப் போகுது. துணியை மடிச்சுப் பிடி," என்றாள் லீடர்.

முப்பத்தொண்ணு என்பது நான். எட்டாம் வகுப்பில் என் ரோல் நம்பர். அவள் அந்த வகுப்பின் லீடர். யார் பேசினாலும் பலகையில் பெயர் எழுதுவது அவள் வேலை, அடிக்கடி எழுதப்படுவது என் வேலை. முப்பது வருஷம் கழித்து அவள் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தாள். நான் அதில் சேர்ந்தேன். இரண்டு பேருக்கும் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். ஒன்பது நாளைக்கு முன், ஒரு பிற்பகலில், இந்த வீட்டு அண்ணன் (அவர் எலக்ட்ரீஷியன்) ஏணியில் ஏறி இதே கூடத்தில் மின்விசிறியை மாட்டிக்கொண்டிருந்தார். டிவியில் ஒரு மெத்தை விளம்பரம் திடீரென்று இடி மாதிரி கத்தியது. அண்ணன் கீழே விழுந்தார். விளம்பரங்கள் கத்தாமல் பார்த்துக்கொள்ளத் தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு கருவி இருக்கிறது. அதை எஞ்சினியர் வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்தார் என்று தம்பி, அதாவது நம் ட்யூனர், நிலையத்துக்குப் புகார் எழுதினார். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. எங்களை அமர்த்தியது அந்த எஞ்சினியர்.

"அந்தச் சமயத்துல நீங்க எங்க இருந்தீங்க?" என்று ட்யூனரைக் கேட்டேன்.

"லெட்டர்ல எழுதியிருக்கேனே. படிக்கலையா?"

படித்திருந்தேன். 'நான் கடைக்குச் சென்றிருந்த வேளையில்' என்று இருந்தது.

"எந்தக் கடை?"

"கடைன்னா கடைதான் சார். இன்னிக்கு டிவி கத்தினதுக்கு நீங்க பொறுப்பு. அன்னிக்குக் கத்தினதுக்கு அந்த எஞ்சினியர் பொறுப்பு. இதுல என் கடை எதுக்கு?"

அண்ணியிடம் திரும்பினேன். "டிவியை இவ்வளவு சத்தமா வெச்சுத்தான் கேப்பீங்களா?"

"அன்னிக்கப்புறம் யாரும் டிவியே போடலைங்க," என்றார் அவர். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

"விளம்பரமா அது," என்றார் ட்யூனர், கசப்பாக. "ஒரு மணி அடிக்கிறான். அதுவும் அரைச் சுருதி இறங்கின மணி. காதுல ஆணி அடிச்ச மாதிரி."

லீடர் எழுந்துகொண்டாள். "ரொம்ப நன்றி. டீ நல்லா இருந்திருக்கும்."

வாசலில் கேட்டேன். "எங்க போறோம்?"

"வெளியே," என்றாள்.

*

எஞ்சினியர் மிக மெதுவாகப் பேசுகிறவர். இருபத்திரண்டு வருஷமாகச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு அதன்மேல் ஆசை விட்டுப்போயிருக்கலாம். குளிரூட்டப்பட்ட சின்ன அறை. கறுப்புப் பெட்டிகள் அடுக்கு அடுக்காக, பச்சைப் புள்ளிகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை, மாட்டைத் தட்டுவது போலத் தட்டினார்.

"இதுதான் வாசல் காவல்காரன். விளம்பரம் எல்லாம் இது வழியாத்தான் உள்ள வரணும். முதல் நொடியிலேர்ந்து கடைசி நொடி வரைக்கும் சத்தத்தை டெசிபல் கணக்குல அளந்து சராசரி எடுக்கும். எல்லாத்துக்கும் சராசரி மைனஸ் இருபத்துமூணு. அதிகமா இருந்தா இறக்கிடும், கம்மியா இருந்தா ஏத்திடும்."

"மைனஸா? என் கணக்கு மார்க்கே அவ்வளவு கீழ போனதில்லையே," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் இல்லை. சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அதை உள்ளே தள்ளினார்.

"அது என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குக் கையெழுத்துப் போட ஒரு பேப்பர்."

"என்ன பேப்பர்?"

"நாளைக்குத் தெரியும்."

இன்றைக்கு எனக்கு ராசி அப்படி. லீடர் மட்டும் கையை நீட்டினாள். அவர் எடுத்துக் கொடுத்தார். கருவியைக் கவனிக்கத் தவறியது என் குற்றம், ராஜினாமா செய்கிறேன் என்று தட்டச்சாகியிருந்தது.

"நீங்க அணைச்சீங்களா?" என்றாள்.

"இல்ல மேடம். பச்சை விளக்கு அணையவே இல்ல. ஆனா ஆபீஸ்ல கேக்கறாங்க, மெஷின் ஓடிச்சுன்னா விளம்பரம் கத்தியிருக்காது, கத்திச்சு, அப்ப மெஷின் ஓடலைன்னு. நான் என்ன பதில் சொல்றது? புகார் ஃபோன் வந்ததிலேர்ந்து அன்னிக்குப் பதிவைக்கூட நான் எடுத்துப் பாக்கல. கை வரல."

"இப்ப எடுங்க. விளம்பரத்தையும் போடுங்க."

போட்டார். வெள்ளை அறை, வெள்ளை மெத்தை, ஒருவர் தூங்குகிறார். சத்தமே இல்லை. மூச்சுகூட இல்லை. நான் டிவிதான் கெட்டுவிட்டதோ என்று எட்டிப் பார்க்கக் குனிந்தேன். அப்போது கடிகார மணியும், நாலைந்து முரசும், 'எழுந்திருக்க மனசு வருமா?' என்று ஒரு குரலும் சேர்ந்து என் முகத்தில் அறைந்தன. பின்னால் இருந்த நாற்காலியோடு நானும் போய்ச் சேர்ந்தேன்.

"இருபது நொடி," என்றாள் லீடர், நான் எழுந்துகொள்வதற்காகக் காத்திராமல். "பதினெட்டு நொடி மௌனம். ரெண்டு நொடி இடி. பதிவுல என்ன இருக்கு?"

எஞ்சினியர் தாளை விரித்தார். கடைசிக் கட்டத்தில் எல்லா விளம்பரத்துக்கும் போல மைனஸ் இருபத்துமூன்று. அதற்கு முந்தைய கட்டத்தில் லீடரின் விரல் நின்றது. 'ஏற்றியது: 10.'

"முப்பத்தொண்ணு, அரைப் பரீட்சைக்கு நீ வயித்து வலின்னு வராம இருந்தியே. வாத்தியார் கிளாஸ் சராசரி எடுக்கும்போது உன்னை என்ன பண்ணாரு?"

"பூஜ்யம்னு சேர்த்தாரு. சராசரி குறைஞ்சுபோச்சு. உன்னாலதான்டான்னு கிளாசே என்னை முறைச்சுது. ஞாபகப்படுத்தணுமா?"

"குறைஞ்ச சராசரியைச் சரிக்கட்ட என்ன பண்ணாரு?"

"எல்லாருக்கும் பத்து மார்க் ஏத்திப் போட்டாரு. உனக்கு தொண்ணூத்தெட்டு நூத்தியெட்டு ஆச்சு. ஹெட்மாஸ்டர் வந்து..."

பாதியில் நிறுத்திக்கொண்டேன். சில சமயம் புரிவதும் நாற்காலியிலிருந்து விழுவது மாதிரிதான்.

"இந்த மெஷினும் வராதவங்களைச் சேர்த்து எண்ணியிருக்கு," என்றாள். "பதினெட்டு நொடி ஆப்சென்ட். ஐயோ, சராசரி இவ்வளவு கம்மியான்னு மொத்தத்தையும் பத்து ஏத்தி விட்டிருக்கு. மௌனத்தை எவ்வளவு ஏத்தினாலும் மௌனம்தான். ஏறினது அந்த ரெண்டு நொடி."

எஞ்சினியர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "புதுசா வர்ற மெஷினெல்லாம் மௌனத்தைக் கணக்குல சேர்க்காது. இது பழசு. விளம்பரம் எடுத்தவனுக்கு அது தெரிஞ்சிருக்கு. பத்து ஏத்தினா காதுக்கு ரெண்டு மடங்கு கேக்கும்."

"ஆக, நீங்க அணைக்கல. ஜெயிச்சாச்சு," என்றேன். கை குலுக்கக் கையையும் நீட்டினேன்.

அவர் கையை வாங்கவில்லை. ராஜினாமாத் தாளைத் திரும்ப எடுத்துப் பையில் வைத்தார். "அணைச்சிருந்தாக்கூட அந்தச் சத்தம் இவ்வளவு வந்திருக்காது சார். ஏத்தி விட்டதே என் மெஷின். நான் காவல் காக்கிற வாசல். ஒரு மனுஷன் இடுப்பு உடைஞ்சு கிடக்கான். நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இனிமே இங்க உட்கார்றது?"

வழக்கைத் தீர்த்தால் கட்சிக்காரர் சந்தோஷப்படுவார் என்று யார் சொன்னது? நீட்டிய கையை என் தலையைச் சொறிவதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

லீடர் மெல்லக் கேட்டாள். "இந்த விளம்பரம் எத்தனை தடவை வந்தது?"

"ஒரே தடவை. மூணு நாப்பத்திரண்டுக்கு. புகார் ஃபோன் வந்ததும் எடுத்துட்டேன். வேற எங்கயும் வரல."

"எத்தனை வீட்டுல ஓடியிருக்கும்?"

"லட்சம் இருக்கும்."

"எத்தனை பேர் விழுந்தாங்க?"

அவர் பையிலிருந்த தாளைத் தொட்டுக்கொண்டார்.

"அதுக்கு முன்னாடி என்ன நிகழ்ச்சி?"

"செஸ் போட்டி. நேரடி ஒளிபரப்பு."

"செஸ்ஸா?" என்றேன். "அதுல வர்ணனை பண்றவங்க ஆஸ்பத்திரியில பேசற மாதிரி கிசுகிசுன்னுல்ல பேசுவாங்க."

லீடர் என்னைப் பார்த்து ஒரு தரம் தலையசைத்தாள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு இது இரண்டாவது முறை. முதல் முறை, நான் வாயை மூடியபோது.

*

ட்யூனர் வீட்டுக்கு எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். கால் மிதியை நிறுத்தாமலே பேசினார்.

"அன்னிக்கா? அந்த வீட்டுல அண்ணன் தம்பி சண்டை போட்டா அண்ணன் பொண்டாட்டி டிவியை ஏத்தி விட்டுடும். எங்களுக்குக் கேக்கக் கூடாதாம். நாங்க என்னமோ காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரி." ஊசியில் நூல் கோக்க மிதி நின்றது. "அன்னிக்கு டிவி ஒரு நிமிஷம் கப்சிப்னு ஆயிடுச்சு. அதுதான் தம்பி பேசினது பச்சையா தெருவுக்கே கேட்டுது."

"என்ன பேசினார்?"

"'இன்னும் எத்தனை வருஷம் உனக்கு ஏணி பிடிச்சுக்கிட்டே இருக்கணும்? எனக்குன்னு ஒரு வாழ்க்கை கிடையாதா?'ன்னான். அந்தப் பையனுக்கு வெளியூர் இசைப்பள்ளியில வேலை வந்திருக்கு, அண்ணன் போகாதேங்கறான். கூடப் பொறந்தவனை ஏத்தி விட ஒருத்தன் ஏணியாவே நின்னா மனசு வலிக்காதா? பாவம். அப்புறம்தான் அந்தச் சத்தம். நான் விரல்ல ஊசி ஏத்திக்கிட்டேன், பாருங்க."

கட்டுப் போட்ட விரலைக் காட்டினார். லட்சம் வீட்டில் காயம் பட்டவர்கள் ஆக மொத்தம் இரண்டு பேர்.

தெருவில் இறங்கியதும் பெருமூச்சு விட்டேன். "என்ன அருமையா சொல்லியிருக்கான் பாரு. ஏணின்னு. தியாகத்தை ஒரே வார்த்தையில..."

"முப்பத்தொண்ணு," என்றாள் லீடர். "அவங்க அண்ணன் அப்ப எங்க நின்னுக்கிட்டிருந்தாரு?"

"ஏணி மேல."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே கேட்டது. தெருவில் ஒரு சைக்கிள்காரர் மணியடித்து ஒதுங்கச் சொன்னார். ஒதுங்கவில்லை. திட்டிவிட்டுப் போனார்.

"காலைல நீ ரிமோட் மேல உக்காந்தப்ப, தட்டுல கண்ணாடிக் கோப்பை இருக்கு, சூடா டீ இருக்கு. அவர் என்ன பண்ணாரு?"

"விட்டுட்டுக் காதைப் பொத்தினாரு."

"காதை வெச்சுப் பிழைக்கிறவரு. கையில எது இருந்தாலும் விட்டுட்டுக் காதைத்தான் காப்பாத்துவாரு. யோசிச்சுப் பண்றதில்ல, கை தானா போகும். உள்ள படுத்திருந்தவர் என்ன கத்தினாரு?"

"விடாதடான்னு. என்னைச் சொல்றாருன்னு நினைச்சேன்."

"உன்னைப் பத்தி உலகம் அவ்வளவு யோசிக்கறதில்ல," என்றாள். குரலில் வழக்கமான கூர்மை இல்லை. "உள்ள போகலாம். இந்தத் தடவை நீ கேளு. நேரா ஒரு பதிலும் கிடைக்கலைன்னு காலைலேர்ந்து முணுமுணுத்துக்கிட்டே வர்றே."

*

கூடத்தில் ட்யூனர் மட்டும் பியானோவின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறந்து வைத்திருந்தார், வாசிக்கவில்லை. பழைய ஏணி சுவரோரம் சாத்தியிருந்தது. மேலே மின்விசிறிக்கு வேண்டிய மூன்று ஒயர்கள் கூரையிலிருந்து ஒன்பது நாளாக வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. காலையில் நான் அவற்றைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது சோபாவை.

அண்ணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். லீடர் அவரிடம்தான் முதலில் பேசினாள்.

"செஸ் வர்ணனை ரொம்ப மெதுவா இருந்திருக்கும், இல்லையா?"

அவர் முகம் மாறியது. "ஏத்த ஏத்த பத்தலைங்க," என்றார், அழுகையை அடக்கிக்கொண்டு. "இவங்க குரல் அதுக்கு மேல போச்சு. அறுபத்திரண்டு வரைக்கும் போயிட்டேன். திடீர்னு டிவி ஊமையாயிடுச்சு. ரிமோட்டைத்தான் தட்டிக்கிட்டிருந்தேன். அந்தச் சத்தம் வந்ததும் எங்கயோ விட்டெறிஞ்சேன். நான் ஏத்தாம இருந்திருந்தா..."

"அண்ணி, சும்மா இருங்க," என்றார் ட்யூனர்.

நான் பியானோவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உட்காரவில்லை, அனுபவம். பேச வேண்டியதைத் தயாரித்து வைத்திருந்தேன். நல்ல நல்ல வாக்கியங்கள். குற்றவாளியை மடக்குகிற வாக்கியங்கள். அவருடைய கைகளைப் பார்த்ததும் எல்லாம் எங்கோ போய்விட்டன. காலையில் கோப்பைத் துண்டு கிழித்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் அதைக் கழுவக்கூட இல்லை.

"அந்த விளம்பரம் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கு சார்," என்றேன். "கடைக்குப் போயிருந்தா அந்த மணி அரைச் சுருதி இறங்கியிருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பியானோவின் ஒரு கட்டையை அழுத்தினார். சத்தம் வராத அளவுக்கு மெல்ல.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஒருத்தர் ராஜினாமா எழுதிக் கொடுக்கப் போறாரு," என்றேன். "இருபத்திரண்டு வருஷம். ஏன்னு கேட்டா, நான்தான் ஒரு மனுஷனை விழ வெச்சேங்கறாரு. அந்த விளம்பரம் ஏமாத்தியிருக்கு, அவர் மெஷினும் ஏமாந்திருக்கு. அதை யாரும் மறைக்கப் போறதில்ல. ஆனா உங்க அண்ணன் விழுந்ததையும் முழுசா தன் தலையிலேயே தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ராத்திரி தூங்கறாரான்னுகூட எனக்குத் தெரியல. உங்களைப் பாத்தாலும் தூங்கற மாதிரி தெரியல."

உள்ளறையிலிருந்து அண்ணன் குரல் வந்தது, களைத்துப்போய். "யாருங்க அது? ஏணி வழுக்கிடுச்சுன்னு நான் டாக்டர்கிட்டயே சொல்லியாச்சு. அவனைப் போட்டு ஏன் நோண்டறீங்க?"

அண்ணன் மூன்றே வாக்கியம்தான் பேசினார். ட்யூனரின் தோள்கள் அந்த மூன்றையும் ஒன்றொன்றாக வாங்கிக்கொண்டன. பியானோ மூடியை இறக்கினார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏணியை யார் பிடிச்சிட்டிருந்தாங்க?" என்றேன்.

"நான்தான்."

"மணி அடிச்சதும்?"

"விட்டுட்டேன்." கைகளை மடியில் மலர்த்தி வைத்து, யாருடையதோ என்பது போல அவற்றைப் பார்த்தார். "விடாதடான்னு கத்தினான். காதைப் பொத்தியிருந்தேன், அப்பவும் கேட்டுது."

லீடரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் யார் பெயரையும் எழுதுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்து இதை அந்த எஞ்சினியர்கிட்ட சொல்வீங்களா?" என்றேன்.

"சொல்றேன்," என்றார்.